டோர்னமென்ட் கேரம் போர்டு 12 எம்எம்: எங்க சின்ன ஃபாதர் பேர்ல வாங்குனது, ஒரு வருஷத்துக்கு மேல ஆடிட்டு எழுதுறேன்

முதல்லயே சொல்லிடறேன், போர்டு நல்ல போர்டு, தைரியமா வாங்கலாம். கூட வந்த இரும்பு ஸ்டாண்டு ஆகாது. ஃப்ரீன்னு குடுத்த காயின் செட்டு எதுக்கும் ஆகாது.

பெரியமேட்டுல நேரு ஸ்டேடியம் பக்கம் ஸ்போர்ட்ஸ் கடைங்க வரிசையா இருக்கே, அங்கதான் எடுத்தோம். கடை பேரு போடல, ஏன்னா இதே சரக்கு அந்த வரிசையில பல கடையில கிடைக்குது, எந்தக் கடைன்றத விட போர்ட எப்படி செக் பண்ணி எடுக்கறோம்ன்றதுதான் முக்கியம். ரெண்டு போர்டு எடுத்தோம், ரெண்டும் கொருக்குப்பேட்டையில எங்க சர்ச் பங்கு யூத் ஹால்ல இருக்கு, தினமும் சாயங்காலம் ஆரம்பிச்சா ஒம்போது ஒம்பதரை வரைக்கும் ஓயாம ஆட்டம், லீவு நாள்ல கேக்கவே வேணாம், அதனால வெயிலு மழை ரெண்டையும் பார்த்துட்ட போர்ட பத்திதான் சொல்றேன்.

இத வாங்குனது எங்க சின்ன ஃபாதர் ஞாபகமா. அவர பத்தி சொல்லாம இந்த போர்ட பத்தி எழுத முடியாது, எது நல்ல போர்டுன்னு எங்களுக்கு கத்துக்குடுத்ததே அவருதான்.

2016-ல உதவி பங்குத்தந்தையா எங்க கோயிலுக்கு வந்தாரு. பங்குத்தந்தை பெரிய ஃபாதர், அதனால இவரு சின்ன ஃபாதர், பாட்டிங்கள்லேர்ந்து பீடச் சிறுவர்கள் வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். குருப்பட்டம் வாங்கி ரெண்டு மூணு வருஷம்தான் ஆயிருந்துச்சு, முப்பது வயசு இருக்கும். செங்கல்பட்டு பக்கம் கிராமத்துக்காரரு, எங்க ஏரியா பேச்சு மொதல்ல புரியவே இல்ல, பூசை முடிஞ்சு வெளிய வந்தவர பார்த்து ஒரு பாட்டி "இன்னா சாமி, எப்டி கீற"ன்னு கேட்டதும் அப்படியே நின்னுட்டாரு, கொஞ்ச மாசத்துல பார்த்தா அவரே பசங்கள "இன்னாடா ராசா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாரு.

எங்க ஏரியா தெரிஞ்சவங்களுக்கு தெரியும், ஒரு பக்கம் ரயில்வே கேட்டு, ஒரு பக்கம் கால்வாய், நடுவுல நெருக்கி நெருக்கி வீடுங்க, ஒரு ரூம்ல அஞ்சு பேரு ஆறு பேரு. சாயங்காலம் ஆச்சுன்னா வயசுப் பசங்களுக்கு வீட்டுல உக்கார எடம் கிடையாது, தெரு முனையில நிக்கணும், இல்லைன்னா மன்றத்துக்கு போகணும். மன்றத்துல கேரம் நல்லா ஆடுவாங்க, அத நான் குறை சொல்ல மாட்டேன், நார்த் மெட்ராஸ் கேரம் அங்கேர்ந்து வந்ததுதான், ஆனா சில எடத்துல பெட்டு கட்டுவாங்க, அம்பது நூறுன்னு ஆரம்பிச்சு வாரச் சம்பளம் வரைக்கும் போகும், அந்த பழக்கத்தோட மத்த பழக்கமும் சேர்ந்துக்கும். ஃபாதர் வந்த புதுசுல ஒரு நாள் நேரா மன்றத்துக்கே போய் நின்னாரு. யாரையும் திட்டல, பைபிள் வசனம் சொல்லல, "ஒரு போர்டு நானும் ஆடலாமா"ன்னு கேட்டாரு, ஒரு போர்டுன்னா ஒரு சுத்து ஆட்டம். இடது கைக்காரரு. ரெட் காயின உள்ள போட்டு, அடுத்த அடியிலயே அதுக்கு ஃபாலோவா இன்னொரு காயினும் போட்டுட்டாரு. அன்னைக்கு ராத்திரி ஏரியா பூரா அதே பேச்சுதான்.

அப்போ எங்க ஹால்ல ஒரு போர்டு இருந்துச்சு, போர்டுன்னு பேருதான், நடுவுல குழி விழுந்து, ஒரு ஓரம் உப்பிப்போய், காயின அடிச்சா தானா வளைஞ்சு போகும். யாரோ வீடு காலி பண்ணும்போது சர்ச்சுக்கு குடுத்துட்டு போனது. எங்க ஹால்ல எல்லாமே அப்படித்தான் இருந்துச்சு, ஓடாத ஃபேன், கால் ஆடற பெஞ்சு, மூணு நாலு வருஷம் பழைய கைடு புக்கு. ஃபாதர் வந்த கொஞ்ச நாள்லயே இன்னொரு வீட்டுல இருந்து பழைய போர்டு ஒண்ணு குடுக்க வந்தாங்க, நல்ல மனசோடதான் வந்தாங்க, அவரு மரியாதையா உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்துட்டு சொன்னாரு, "உங்க வீட்டு பசங்களுக்கு ஆகாதுன்னு வெச்ச போர்டு இந்த பசங்களுக்கு மட்டும் எப்படி ஆகும்? முடிஞ்சா ஒரு பவுடர் டப்பா புதுசா வாங்கிக் குடுங்க, அது போதும்"னு. அவங்க கோச்சிக்கல, அடுத்த வாரமே ஒரு பெட்டி பவுடர் வந்துச்சு.

இந்த ஒரு விஷயம்தான் அவருகிட்ட எனக்கு ரொம்ப பெருசா பட்டது. ஏழைப் பசங்கன்னா மிச்சம் மீதி குடுத்தா போதும்னு எல்லாரும் நெனைக்கறாங்க, தெரியாமலே நெனைக்கறாங்க. அவரு அதுக்கு ஒத்துக்கவே மாட்டாரு. குருப்பட்டம் வாங்குன வருஷ நாள் அன்னைக்கு அன்பியத்துக்காரங்க (பங்குல ஏரியாவாரியா இருக்கற குடும்பக் குழு), மாதா சபைக்காரங்க எல்லாம் கவர்ல வெச்சு குடுத்த காசு மொத்தத்தையும் எடுத்துட்டு எங்கள்ல நாலு பேர கூட்டிட்டு பெரியமேட்டுக்கு போனாரு, புதுசா ரெண்டு டோர்னமென்ட் போர்டு வாங்குனாரு. அந்த அளவு காச எங்க ஹாலுக்குன்னு ஒருத்தரு செலவு பண்ணி நாங்க பார்த்ததே இல்ல.

கடையில அவரு செக் பண்ணது இன்னும் ஞாபகம் இருக்கு, இந்த தடவை நாங்களும் அதையேதான் பண்ணோம், வாங்கப் போறவங்க இத மட்டுமாவது பாருங்க.

ஒண்ணு, ப்ளை, அதாவது ஆடற பலகை, எத்தன எம்எம் கனம்னு கேளுங்க. வீட்டு போர்டுங்க 4 எம்எம், 6 எம்எம்ல வரும், அது குழந்தைங்களுக்கு. இண்டர்நேஷனல் கேரம் ஃபெடரேஷன் ரூல்ல ப்ளை 8 எம்எம்முக்கு குறையக்கூடாது. ஹால், மன்றம், ஸ்கூல்னு நாள் பூரா அடி வாங்கற எடத்துக்கு 12 எடுத்துடுங்க, அதுக்கு மேல 16, 20ன்னு எல்லாம் இருக்கு, அடிச்சா கும்முனு சத்தம் வரும், அருமையா இருக்கும், ஆனா வெலையும் ஏறும், தூக்க ஆளும் வேணும்.

அப்புறம் அளவு. ஆடற எடம் ஃப்ரேமுக்கு உள்ள நாலு பக்கமும் 73.5லேர்ந்து 74 சென்டிமீட்டருக்குள்ள சதுரமா இருக்கணும், பாக்கெட் 4.45 சென்டிமீட்டர், ஃப்ரேம் அகலம் 6.35லேர்ந்து 7.60 வரைக்கும். கடைக்காரரு "எல்லாம் டோர்னமென்ட் சைஸ்தான் சார்"னுதான் சொல்லுவாரு, நீங்க டேப்பு எடுத்துட்டு போங்க. நாங்க பார்த்ததுல ஒண்ணு மேல ஸ்டிக்கர்ல டோர்னமென்ட்னு போட்டிருந்துச்சு, அளந்தா ஒரு பக்கம் குறைஞ்சுது, அத வெச்சிட்டு வேற எடுத்தோம்.

முக்கியமானது ஓட்டம். கொஞ்சம் பவுடர் போட்டு, 15 கிராம் ஸ்ட்ரைக்கர பேஸ் லைன்ல வெச்சு முழு வேகத்துல நேரா அடிக்கணும், எதிர் ஃப்ரேம்ல பட்டு வந்து, திரும்ப போய், மூணரை தடவையாவது குறுக்க ஓடணும், இதுவும் ஃபெடரேஷன் ரூல்ல இருக்கறதுதான். ரெண்டு மூணு எடத்துலேர்ந்து அடிச்சு பாருங்க, நேரா அடிச்சது நேரா திரும்பி வரணும், ஓரம் போய் ஒதுங்குச்சுன்னா ப்ளை லெவல் இல்லைன்னு அர்த்தம். ஃபாதர் ஒரு நீட்டு ஸ்டீல் ஸ்கேல குறுக்கும் நெடுக்கும் வெச்சு கீழ டார்ச் அடிச்சு பார்ப்பாரு, வெளிச்சம் கசிஞ்சுதுன்னா அந்த எடம் பள்ளம். கடைக்காரரே "ஃபாதர், நீங்க கடை வெக்கலாம்"னு சொன்னாரு.

இந்த தடவை நாங்க எடுத்த ரெண்டுல ஒண்ணு நாலு தடவை தாராளமா ஓடுச்சு, இன்னொண்ணு மூணரைக்கு சரியா வந்துச்சு. இன்னைய வரைக்கும் ரெண்டும் அப்படியே ஓடுது. மேல் பாலிஷ் வழவழன்னு இருக்கு, பேஸ் லைன், சென்டர் சர்க்கிள் பெயிண்டு எதுவும் அழியல. ஃப்ரேம் ரீபவுண்டு சூப்பரு, கட் ஷாட் போட்டு ஓரத்துல நிக்கற காயின எடுக்கற பசங்களுக்கு இது தெரியும், மட்டமான ஃப்ரேம்னா ஸ்ட்ரைக்கர் பட்ட எடத்துலயே செத்து நிக்கும், இதுல அந்த பிரச்சனையே இல்ல. பாக்கெட் ஓரம் மட்டும் சின்னப் பசங்க அடிச்சு அடிச்சு லேசா சில்லு பேர்ந்திருக்கு, அது எந்த போர்டுலயும் வரும்.

சின்ன ஃபாதர் அந்த ரெண்டு போர்ட வெச்சு என்ன பண்ணாருன்னு சொல்லணும். ஏழு மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் ஸ்டடி, அதுக்கப்புறம்தான் போர்டு. ஸ்டடிக்கு வராதவன வெளிய அனுப்ப மாட்டாரு, படிப்ப விட்டுட்டு மூட்டை தூக்கப் போறவன், மெக்கானிக் ஷெட்டுல இருக்கறவன் எல்லாருக்கும் கூப்பிட்டு மொத போர்டு குடுப்பாரு. கோயில் பசங்கதான்னு இல்ல, பக்கத்து தெரு இந்து பசங்க, முஸ்லீம் பசங்க எல்லாம் வருவாங்க, நோட்டுல பேர எழுதிட்டு உக்கார வேண்டியதுதான். பெட்டு கிடையாது. கெட்ட வார்த்தை பேசுனா அன்னைக்கு ஆட்டம் அவ்வளவுதான், எழுந்து போர்டு தொடைக்கணும். தெருவுல ஆடற பாயிண்டு கணக்க விட்டுட்டு ரூல் ஆட்டம் கத்துக்குடுத்தாரு, வெள்ளை ஒம்போது, கறுப்பு ஒம்போது, ஒரு ரெட்டு, 25 பாயிண்டு, இல்லைன்னா எட்டு போர்டு வரைக்கும் ஒரு ஆட்டம், சேர விட்டு எழுந்திரிக்கக் கூடாது, சேர நகத்தக் கூடாது, கை முட்டி கோட்டத் தாண்டக் கூடாது. "ரூலோட ஆடுனா நீ எந்த ஊருக்கு போயும் ஆடலாம்டா, இல்லைன்னா இந்தத் தெருவோட சரி"ன்னு சொல்லுவாரு.

அவரு யாரையும் தனியா கூப்பிட்டு உக்கார வெச்சு அட்வைஸ் பண்ணி நான் பார்த்ததில்ல. போர்டுல எதிர உக்காருவாரு. ரெண்டு பேரு கண்ணும் காயின் மேல இருக்கும், அப்படியே "வேலைக்கு போறியாமே"ன்னு ஆரம்பிப்பாரு, மூஞ்சிய பார்த்து சொல்ல முடியாதத எல்லாம் பசங்க காயின பார்த்துட்டே சொல்லிடுவாங்க. அப்பா குடிச்சிட்டு அடிக்கறது, வட்டிக்கு வாங்குனது, பரீட்சையில போனது, ஒரு பொண்ண பிடிச்சிருக்கறது, எல்லாம் அந்த போர்டு மேலதான் வெளிய வந்துச்சு. எங்கப்பா எறந்தப்புறம் நான் யாருகிட்டயும் பேசாம இருந்தேன், கோயிலுக்கும் போகல. அவரு வீட்டுக்கு வந்து "ஆள் குறையுது, ஒரு கை வா"ன்னு மட்டும் கூப்பிட்டாரு. நாலு போர்டு ஆடுனோம், அவரு ஒரு வார்த்தை கேக்கல, அஞ்சாவது போர்டுல நானே பேச ஆரம்பிச்சேன்.

தொன் போஸ்கோ கதை அடிக்கடி சொல்லுவாரு, 1815-ல இத்தாலியில ஏழை வீட்டுல பொறந்தவரு, சின்ன வயசுல கயித்து மேல நடந்து வித்தை காட்டி ஊர் பசங்கள கூட்டுவாரு, வித்தை பார்க்கணும்னா கூட உக்காந்து ஜெபமாலை சொல்லணும்னு கண்டிஷன் போடுவாரு, அப்புறம் குருவானவரா ஆகி தூரின் நகரத்துல தெருவுல திரிஞ்ச வேலைக்காரப் பசங்களுக்காகவே வாழ்ந்தாரு. "எனக்கு கயித்து மேல நடக்க வராது, கேரம்தான் வரும்"னு சொல்லுவாரு எங்க ஃபாதர்.

கேர்ள்ஸ் விஷயமும் சொல்லியே ஆகணும். சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு போர்டும் பொண்ணுங்களுக்கு. மொதல்ல வீட்டுக்காரங்க விடல, பொம்பளப் புள்ள கேரம் ஆடி என்ன ஆகப்போகுதுன்னாங்க. ஃபாதர் வீடு வீடா போய் பேசுனாரு, வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனத சொல்லுவாரு, இங்கேர்ந்து நடந்து போற தூரத்துல இருக்கற பொண்ணு, அது ஆயிருக்கு, உங்க பொண்ணு ஏன் ஆகக்கூடாதுன்னு கேப்பாரு. பசங்ககிட்ட மரிய இருதயம் பத்தி சொல்லுவாரு, ரெண்டு தடவை உலக சாம்பியன், 1996-ல கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்குனவரு, நம்ம சென்னைக்காரரு. இண்டர்நேஷனல் கேரம் ஃபெடரேஷனே 1988-ல நம்ம மெட்ராஸ்லதான் ஆரம்பிச்சாங்கன்னு அவரு சொல்லித்தான் எனக்கே தெரியும். இதெல்லாம் அவரு ஏன் சொன்னாருன்னு இப்போ புரியுது, எங்க ஏரியா பேர பேப்பர்ல பார்த்தா வெட்டு குத்துதான் இருக்கும், அதுக்கு நடுவுல இந்த பேருங்க எல்லாம் எங்களுக்கு தெரியணும்னு அவருக்கு ஒரு வெறி. 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில புதுவண்ணாரப்பேட்டை காசிமா மூணு தங்கம் வாங்குச்சே, ஆட்டோ ஓட்டறவரு பொண்ணு, பதினேழு வயசு, அந்த நியூஸ் வந்த அன்னைக்கு எங்க யூத் குரூப்ல எல்லாரும் ஒரே விஷயத்தத்தான் போட்டோம், ஃபாதர் இருந்திருந்தா இன்னைக்கு ஹால்ல கேக் வெட்டியிருப்பாருன்னு.

2019-ல மாத்தலாயி வேற பங்குக்கு போயிட்டாரு. குட்டி யானையில அவரு சாமான ஏத்துனோம், ஒரு பொட்டி துணி, ஒரு பொட்டி புக்கு, அவ்வளவுதான், வண்டியில பாதிக்கு மேல காலியா இருந்துச்சு. 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை, அந்த ஊருல வீட்டுக்கு வீடு சாப்பாடு குடுத்துட்டு, ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணிட்டு அலைஞ்சவருக்கே வந்துடுச்சு. முப்பத்தஞ்சு முப்பத்தாறு வயசுதான். லாக்டவுன், யாரும் போக முடியல, அடக்கப் பூசைய யூடியூப்ல லைவா போட்டாங்க, அவங்கவங்க வீட்டுல போன வெச்சுட்டு பார்த்தோம், நடுநடுவுல நெட்டு கட்டாயி கட்டாயி வந்துச்சு. கடைசியா ஒரு தடவை தொட்டுக் கும்பிட முடியலன்ற வருத்தம் இன்னும் எங்க யாருக்கும் போகல. அந்த நாள பத்தி இதுக்கு மேல எழுத எனக்கு மனசு வரல.

அவரு வாங்குன போர்டு ரெண்டும் 2023 டிசம்பர் வரைக்கும் ஓடுச்சு. மிக்ஜாம் புயல் வந்தப்போ கால்வாய் தண்ணி ஏறி ஹாலுக்குள்ள பூந்துடுச்சு, பசங்க வீட்டுலயும் தண்ணி, அவங்கவங்க அம்மாவையும் தம்பி தங்கச்சியையும் காப்பாத்துறதா போர்ட காப்பாத்துறதா, வடிஞ்சப்புறம் போய் பார்த்தா ரெண்டும் ஊறி ப்ளை லேயர் லேயரா பிரிஞ்சு கெடந்துச்சு. ஒருத்தன் ஃப்ரேம மட்டும் கழட்டி எடுத்து வீட்டுல வெச்சிருக்கான்.

அதுக்கப்புறம் ஃபாதர் பேர்ல ஏதாவது பண்ணணும்னு பேச்சு வந்தப்போ ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கல்வெட்டு வெக்கலாம்னாங்க, பெரிய ஃப்ளெக்ஸ் போடலாம்னாங்க, நினைவு மலர் அடிக்கலாம்னாங்க. மலர் நல்ல யோசனைதான், போட்டோ எல்லாம் சேர்த்துட்டு இருக்கோம், பொறுமையா பண்ணணும். ஆனா ஹால்ல பசங்க தரையில உக்காந்து போன் நோண்டிட்டு இருக்கறப்போ வெளிய செவுத்துல கல்வெட்டு வெச்சா அவரு ஒத்துக்கவே மாட்டாருன்னு எங்களுக்கு தெரியும். அவருகிட்ட ஆடுன பசங்க இப்போ எங்கெங்கயோ இருக்காங்க, ஒருத்தன் ரயில்வேல, ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில, ஒருத்தன் ஹார்பர்ல, ஒரு பொண்ணு நர்ஸு, எல்லாரும் ஜிபேல போட்டாங்க. மீன் விக்கற ஒரு அக்கா தன் பையன் அங்கதான் திருந்துனான்னு சொல்லி சுருக்குப் பையிலேர்ந்து எடுத்து குடுத்தாங்க. "பழசு ஏதாவது கம்மியா கிடைச்சா வாங்கலாமே"ன்னு ஒருத்தரு கூட சொல்லல.

ஒரு போர்டு பத்தாயிரத்துக்கு கொஞ்சம் கீழ வந்துச்சு. சிஸ்கா, சுர்கோ மாதிரி பேர் வாங்குன கம்பெனிங்க போர்டும் பார்த்தோம், அதெல்லாம் நல்லா தெரிஞ்ச பேரு, காசு இருந்தா தாராளமா போகலாம், நாங்க எடுத்தது பெரிய பேர் இல்லாத தயாரிப்பு, ஓட்டத்துக்கும் அளவுக்கும் பாஸாச்சு, அதனால எடுத்தோம்.

இப்போ குறைங்க. ஸ்டாண்டு, இதுதான் பெரிய தலைவலி. கூடவே எடுத்தா கம்மியா தரேன்னு குடுத்த இரும்பு ஸ்டாண்டு, மடக்கற மாடல், ஒரு மாசத்துல ஆட ஆரம்பிச்சிடுச்சு, வேகமா ஒரு பிரேக் அடிச்சா மொத்த போர்டும் நடுங்கி காயின் எல்லாம் எடம் மாறுது. 12 எம்எம் போர்டு வெயிட்ட அந்த பட்டி தாங்காது. கடைசியில தண்டையார்பேட்டையில ஒரு வெல்டிங் பட்டறையில ஸ்கொயர் பைப்புல மடக்காத ஸ்டாண்டா அடிச்சு வாங்குனோம், காலுக்கு ரப்பர் புஷ் போட்டு, போர்டு மட்டம் தரையிலேர்ந்து 63லேர்ந்து 70 சென்டிமீட்டருக்குள்ள வர்ற மாதிரி, இப்போ அசையவே இல்ல.

காயின் செட்டு. மரக் காயின்னு சொல்லி குடுத்தாங்க, ஒண்ணு கனமா இருக்கு ஒண்ணு லேசா இருக்கு. காயின் ஒவ்வொண்ணும் 5லேர்ந்து 5.5 கிராம் இருக்கணும், எங்க நகைக்கடை அண்ணன் ஒருத்தரு தராசுல வெச்சு காமிச்சாரு, பாதி தேறல. தனியா நல்ல செட்டா வாங்கிக்கோங்க, ஸ்ட்ரைக்கரும் 15 கிராமுக்கு மேல போகாதத பார்த்து வாங்குங்க.

மழைக்காலத்துல ஒரு போர்டுல ஃப்ரேம் மூலை ஜாயின்ட்டு முடி அளவு பிரிஞ்சுது. கடைக்கு போன் பண்ணோம், நாளைக்கு வரேன் நாளைக்கு வரேன்னு கொஞ்ச நாள் இழுத்தாங்க, அப்புறம் ஆள் வந்து பசை போட்டு க்ளாம்ப் மாட்டி ஒரு ராத்திரி வெச்சு சரி பண்ணிட்டு போனாரு, காசு கேக்கல. இப்போ பிரச்சனை இல்ல, ஆனா வாங்கறப்பவே நாலு மூலையையும் நகத்தால தடவி பாருங்க.

எங்கள மாதிரி கடல் பக்கம் இருக்கறவங்க ஈரக் காத்துக்கு ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். பவுடர் கட்டி கட்டியா ஆயிடும், போரிக் பவுடர இறுக்கி மூடற டப்பாவுல வெச்சுக்கோங்க, சின்னப் புள்ளைங்க வாயில கண்ணுல படாம பார்த்துக்கோங்க. ஈரத்துணி கூடவே கூடாது, காஞ்ச காட்டன் துணிதான். ஆட்டம் முடிஞ்சதும் செவுத்துல சாய்ச்சு வெக்காதீங்க, அந்த சாய்மானத்துலயே ப்ளை வளைஞ்சிடும், ஸ்டாண்டு மேலயே படுக்கையா விட்டு மேல துணி போட்டு மூடுங்க. மழைக்கு எங்க ஹால் தரைய நம்ப முடியாது, அதனால ஆரஞ்சு அலர்ட்டுன்னு டிவியில சொன்னாலே ரெண்டு போர்டையும் பாடல் குழு மாடிக்கு ஏத்திடறோம், நாலு பையங்க போதும். மேல தொங்கற லைட்டு ஷேடோட இருந்தா நல்லது, ட்யூப்லைட்டுல ஃப்ரேம் நெழல் விழுந்து ஓரத்து காயின் சரியா தெரியாது.

மே மாசம் ஃபாதர் நினைவுத் திருப்பலி வெச்ச ஞாயித்துக்கிழமை மொத டோர்னமென்ட் நடத்துனோம். ரூல் ஆட்டம், அம்பயரோட. கோப்பை வாங்குனது ஒரு முஸ்லீம் பையன், ஃபாதர் மொத மொத கேரம் கத்துக்குடுத்தப்போ அவனுக்கு போர்டுக்கு மேல கை எட்டாது, சேர்ல ஒரு பலகை போட்டு உக்கார வெச்சாரு. பரிசு வாங்கறப்போ பேச சொன்னோம், மைக்க புடிச்சுட்டு "ஃபாதர் எனக்கு எப்பவும் புது ஸ்ட்ரைக்கர்தான் குடுப்பாரு"ன்னு மட்டும் சொல்லிட்டு எறங்கிட்டான். பெரிய ஃபாதர் கண்ணாடிய கழட்டி தொடைச்சுக்கிட்டாரு. ஹால்ல இப்போ சின்ன ஃபாதர் போட்டோ மாட்டியிருக்கு, 2025 செப்டம்பர்ல கார்லோ அக்குதிஸ புனிதரா அறிவிச்சப்புறம் பசங்க அந்த பையன் படத்தையும் பக்கத்துலயே மாட்டிட்டாங்க, பதினஞ்சு வயசுல எறந்தவன், இங்க இருக்கற பல பேருக்கு அவன் வயசுதான்.

நாள் பூரா அத்தன மேட்ச் ஓடியும் ரெண்டு போர்டுல ஒண்ணு கூட டல்லாகல, அத தனியா குறிச்சு வெச்சுக்கோங்க, ஒரே நாள்ல அவ்வளவு அடி வாங்குனா சுமாரான ப்ளைல ஓட்டம் கொறையும், இதுல கடைசி ஃபைனல்லயும் மொத மேட்ச் ஓட்டம்தான்.

அடுத்த மேக்கு இப்பவே பேரு குடுக்க ஆரம்பிச்சிட்டாங்க, கேர்ள்ஸ் பக்கம் கூட்டம் ஜாஸ்தி, சனிக்கிழமைக்கு மட்டும் ரெண்டு போர்டு பத்தல. அதனால மூணாவது ஒண்ணு எடுக்கறோம், இதே 12 எம்எம், ஸ்டாண்டு இல்லாம, காயின் இல்லாம போர்டு மட்டும் வெலை கேட்டு வெச்சிருக்கோம், பாதிக்கு மேல காசு சேர்ந்துடுச்சு, ஸ்டாண்டுக்கு வெல்டிங் பட்டறை அண்ணன் கூலி வேணாம்னு சொல்லிட்டாரு, பைப்பு மட்டும் நாங்க வாங்கிக் குடுக்கணும்.